லஜ்பத் நகரில் இரு இடப்பெயர்வுகள்

தெற்கு டெல்லியின் லஜ்பத் நகர், 1947 பிரிவினையில் வீடிழந்து வந்தோருக்காக எழுந்த குடியிருப்பு. இன்று அங்கும் அருகிலுள்ள போகலிலும் ஆப்கானியரின் ரொட்டிக் கடைகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. ஒரே நிலப்பரப்பில் வேரூன்ற முயன்ற இவ்விரு சமூகங்களையும் ஒப்பிட்டால், கல்வியும் தொழிற்பயிற்சியும் எப்போது மறுவாழ்வாக மாறுகின்றன என்பது தெளிவாகும்.

பிரிவினை அகதிகளுக்கென அரசு தனி அமைச்சகமே அமைத்தது. 1948ஆம் ஆண்டின் மறுவாழ்வு நிதி நிர்வாகச் சட்டம் சிறு வணிகர்களுக்கும் தொழில் தொடங்குவோருக்கும் கடன் வழங்க வழிசெய்தது. நீலோகேரியில் எஸ். கே. டே தொழிற்பயிற்சியை மையமாக வைத்து ஒரு நகரியத்தையே உருவாக்கினார். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தது குடியுரிமை. தச்சு கற்றவர் தம் பெயரிலேயே பட்டறை தொடங்க முடிந்தது.

ஆப்கானியரின் வரலாறு வேறு. 1979 இறுதியில் சோவியத் படைகள் நுழைந்த பின் அகதிகள் வரத் தொடங்கினர். 1981இல் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையகம் இந்தியாவில் பணியைத் தொடங்கியது. 1992இல் நஜிபுல்லா ஆட்சி வீழ்ந்ததும் காபூல், ஜலாலாபாத் நகரங்களின் சீக்கியரும் இந்துக்களும் பெருமளவில் வந்தனர். 1994இல் டெல்லியில் ஆப்கானியக் குழந்தைகளுக்காக சையத் ஜமாலுதீன் பள்ளி உருவாயிற்று.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமோ அகதியையும் பிற அயலாரையும் வேறுபடுத்தவில்லை. ஆணையகத்தின் அங்கீகாரம் பெற்ற அகதிகள் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கவும், அதன்வழி தனியார் துறையில் பணிபுரியவும், உயர்கல்வி பயிலவும் 2012இல்தான் வாய்ப்புக் கிடைத்தது. ஆப்கானியப் பெண்களின் ‘இல்ஹாம்’ சமையல் குழுவும், துணிக் கழிவிலிருந்து பொம்மைகள் தைக்கும் ‘சிலாய்வாலி’யும் இதன் பின்னர் தோன்றியவை. கைத்திறன் வருவாயாக முடியும் என்பதை இவை மெய்ப்பித்தன. ஆயினும் அகதி அட்டையை மட்டும் காட்டி ஆதார் பெற இயலாது. வங்கிக் கணக்கு, கடை வாடகை ஒப்பந்தம், கடன் என ஒவ்வொரு படியிலும் ஆவணம் குறுக்கே நிற்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2014 இறுதிக்குள் வந்த சீக்கியர், இந்துக்கள் முதலியோருக்கு வழிவிட்டது. ஹசாராக்கள் உள்ளிட்ட முஸ்லிம்கள் அதற்கு வெளியே நின்றனர்.

இந்நிலையின் நொய்மை 2021 ஆகஸ்டில் வெளிப்பட்டது. காபூலில் குடியரசு வீழ்ந்தபோது, அதன் நிதியால் நடந்துவந்த டெல்லிப் பள்ளி தத்தளித்தது. அதே மாதம், இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியரின் விசாக்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த மாணவர்கள் பலர், இந்தியப் பல்கலைக்கழகங்களில் இடமிருந்தும் திரும்ப இயலாமல் தவித்தனர். 2022 டிசம்பரில் தாலிபான்கள் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவை அடைத்தபோது, அம்மாணவியருக்கு இரு நாடுகளிலும் வகுப்பறை இல்லாமற்போயிற்று.

தையல் இயந்திரமும் உதவித்தொகையும் பயனற்றவை அல்ல. ஆனால் லஜ்பத் நகரின் முதல் தலைமுறைக்கு அவை உரிமையின் மேல் வந்தமர்ந்தன. இரண்டாம் தலைமுறைக்கு உரிமைக்கு மாற்றாக வழங்கப்பட்டன. முன்னது வாழ்வை நிலைநிறுத்தியது. பின்னது, ஒரு விசா காலாவதியாகும் வரையே நிற்கிறது.