பிடியின் கையும் மரத்தின் கையும்

ஜொகூரின் காஹாங் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பால்மரம் வெட்டப் பழகிய கத்தியையும், ஜப்பானின் சக்காய் நகரப் பட்டறைகளில் கையால் அடிக்கப்படும் யானகிபா என்னும் மீன் கத்தியையும் அருகருகே வைத்தால், பொருந்தாத சோடியாகவே தோன்றும். முன்னதன் வெட்டுவாய் நுனியில் மடிந்து நிற்கிறது. பின்னதன் அலகு ஒரு சாணுக்கு மேல் ஒரே நேராக நீள்கிறது. இடக்கைக்காரரிடம் கொடுத்துப் பார்க்கும்போதுதான் இரண்டுக்கும் உள்ள உறவு தெரிகிறது: இரண்டுமே அவருக்கு இணங்குவதில்லை.

யானகிபாவில் பிணக்கு பிடியிலேயே தொடங்கிவிடுகிறது. மரப்பிடியின் வலப்பக்கத்தில் மெல்லிய முகடு ஒன்று ஓடும். வலக்கை விரல்களின் மடிப்பில் அது அடங்கிக்கொள்ளும். இடக்கையிலோ உள்ளங்கையை உறுத்தும். பிடியைத் திருப்பிச் செதுக்கினால் போதாதா என்றால், போதாது. அலகின் ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டப்படுகிறது. மறுபக்கம் சற்றே குழிந்திருக்கும். மெல்லிரும்பையும் எஃகையும் ஒட்டி அடிக்கும்போதே எஃகு எந்தப் பக்கம் என்பது முடிவாகிவிடும். ஆகவே இடக்கைக் கத்தி உலையிலேயே இடக்கைக் கத்தியாகப் பிறக்க வேண்டும். சொல்லிச் செய்வதால் விலையும் கூடும்.

பால்வெட்டுக் கத்தியின் பிடிக்கு இந்தப் பாகுபாடு இல்லை. பெரும்பாலும் உருண்டை மரம்தான். எந்தக் கைக்கும் அடங்கும். இணங்காதது மரம். ரப்பர் பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஏறுவதில்லை. சில பாகை வலப்புறம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அவற்றில் கூடுதலானவற்றை அறுக்க வேண்டுமானால், வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தோடு கத்தியை இழுத்து வருவது வலக்கைக்கு இயல்பு. இடக்கைக்காகக் கோட்டைத் திருப்பிப் போட்டால் மங்குக் கிண்ணத்தில் விழும் பால் குறையும்.

விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நடக்கும் வேலை இது. கோட்டில் உறைந்திருக்கும் பாலை உரித்துவிட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் தப்பினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சக்காய்க் கத்தியைக் கையாளும் சமையற்காரரும் இதே வகைக் கணக்கில்தான் இருக்கிறார்: மீன் துண்டின் கனம் ஒரே இழுப்பில் அமைய வேண்டும், அறுத்த முகம் கலங்கக் கூடாது. இரண்டு கத்திகளும் தள்ளுவதில்லை, இழுக்கின்றன. இரண்டையும் பிடிப்பவரே கல்லில் தீட்டிக்கொள்கிறார். பட்டைக்கும் மீனுக்கும் இடையே இப்படியொரு நெருக்கத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பிணக்கின் வேர் வேறு. சக்காயின் வலக்கைச் சார்பு மனிதர் வழக்கம். பணம் கொடுத்தால் மாறும், இரு கைக்கும் பொதுவான எண்கோணப் பிடியும் அங்கே உண்டு. மரத்தின் சாய்வை முன்பணம் கட்டி மாற்ற முடியாது. என் பார்வையில், பிடியால் தடுக்கும் கத்தியைவிடப் பிடியால் வரவேற்று மரத்தால் தடுக்கும் கத்தியே இடக்கைக்காரருக்குக் கடினமானது. அங்கே அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது கருவியை அல்ல, தம் மணிக்கட்டையும் நிற்கும் நிலையையும்.

ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் நின்ற இடங்களைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துக்கொண்டது. குலை அறுப்பது நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாள். அதுவும் இழுப்பு வேலைதான், ஆனால் இரு கையாலும். எந்தக் கை மேலே இருக்க வேண்டும் என்பதில் செம்பனைக்கு ஒரு நிபந்தனையும் இல்லை.