ஹாட் ராட்: ஒரு பழிச்சொல்லும் அதன் வாரிசுகளும்

(நெடும்பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

சொற்பொருள் மாற்றத்தைப் பயிலும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் சான்றுகள் இரண்டு. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ பின்னர் தீய மணத்தைக் குறிக்கலாயிற்று, இது இழிபொருட்பேறு. கள்ளுண்டு மகிழ்தலைக் குறித்த ‘களிப்பு’ பொதுவான மகிழ்ச்சியைக் குறிக்கலாயிற்று, இது உயர்பொருட்பேறு. இரண்டாம் வகைக்கு அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பின்னுள்ள வரலாற்றை இங்கே எழுதுகிறேன். அச்சொல் ‘ஹாட் ராட்’. அது பழிப்பிலிருந்து பெருமைக்கு உயர்ந்த கதை ஒரு பாதி. உயர்ந்தபின் அதற்கு உரியவர்கள் அடுத்த தலைமுறையை எவ்வாறு வரவேற்றார்கள் என்பது மறுபாதி.

வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் நம் நாட்டில் இச்சொல் பலருக்கும் அயலானது. ஆகவே முதலில் விளக்கம். பழைய கார் ஒன்றை, பெரும்பாலும் 1920, 1930களின் ஃபோர்டு காரை, மலிவாக வாங்கி, மட்கார்டு, பானெட் போன்ற பாரங்களைக் கழற்றி, எஞ்சினின் ஆற்றலைக் கூட்டியோ வேறு எஞ்சினைப் பொருத்தியோ, சொந்தக் கையால் உருவாக்கும் வேக வண்டியே ஹாட் ராட். சொல்லின் பிறப்புக் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. ‘ஹாட் ரோட்ஸ்டர்’ என்பதன் குறுக்கம் என்பார் சிலர். எஞ்சினுக்குள் இயங்கும் தண்டுகளைச் சுட்டியது என்பார் வேறு சிலர். 1945 வாக்கில் அது அச்சில் பரவலாயிற்று. அதற்கு முன்பே இத்தகைய வண்டிகள் இருந்தன. ‘கௌ ஜாப்’, ‘ஹாப் அப்’, ‘சூப் அப்’ எனப் பட்டறை வழக்கில் அவற்றுக்கு வேறு பெயர்கள் வழங்கின.

இக்கைத்தொழிலின் தாயகம் தெற்குக் கலிஃபோர்னியா. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் 1.5 கோடிக்கும் மேற்பட்ட ‘மாடல் டி’ கார்களை உற்பத்தி செய்தது. ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட அவ்வண்டி மணிக்கு 65 முதல் 70 கி.மீ. வரை ஓடும். 1920களின் நடுவில் அதன் எளிய வகையின் விலை 260 டாலராக இறங்கியிருந்தது. புதிய வண்டியே இவ்வளவு மலிவு என்றால், கைமாறிக் கைமாறிக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்த வண்டியின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மாணவன் ஒருவன் பகுதிநேர வேலையில் ஈட்டிய காசைக் கொண்டு அதை வாங்கிவிட முடிந்தது. வாங்கியவன் அதைப் பிரித்துப் பார்த்தான். பிரித்ததை மீண்டும் பூட்டக் கற்றான்.

1932இல் ஃபோர்டு வெளியிட்ட ‘ஃபிளாட்ஹெட்’ வி8 எஞ்சின் இப்பட்டறைக் கல்வியின் அடுத்த பாடநூலாயிற்று. 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் உடைய அந்த எஞ்சின், சாதாரண மக்கள் வாங்கும் விலையில் பெருமளவில் விற்கப்பட்ட முதல் வி8. அதன் வால்வுகள் சிலிண்டர்களுக்கு அருகில், பிளாக்கினுள்ளேயே அமைந்திருந்தன. மேலிருந்த ஹெட், ஏறக்குறைய ஒரு தட்டையான மூடி. போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தூக்கிவிடலாம். அடிப்பரப்பைச் சிறிது இழைத்துக் குறைத்து மீண்டும் பூட்டினால், எரிபொருள் கலவை கூடுதலாக அழுத்தப்படும், ஆற்றல் உயரும். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டைத் தாங்கும் மேனிஃபோல்டைப் பொருத்தலாம்; வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்குமாறு கேம் ஷாஃப்ட்டின் மேடுகளை மாற்றிக் கடையலாம். செய்த மாற்றத்தின் விளைவு அன்று மாலையே தெரிந்துவிடும். கற்பவனை மீண்டும் மீண்டும் பட்டறைக்கு இழுத்தது இந்த உடனடி விடைதான்.

அந்த விடையை அளந்து சொல்லும் இடம், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் இருந்த வறண்ட ஏரிகள். மியூராக், எல் மிராஜ், ரோசமண்ட் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நீர் வற்றி இறுகிய அந்தச் சமதரைகளில் 1920களிலிருந்தே வேகச் சோதனைகள் நடந்தன. தொடக்கத்தில் பல வண்டிகள் ஒருசேர ஓடின. முன்வண்டி கிளப்பும் புழுதியில் பின்வருபவர் குருடராயினர், விபத்துகள் நேர்ந்தன. 1937இல் சங்கங்கள் பல ஒன்றுகூடித் தெற்குக் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை (எஸ்.சி.டி.ஏ.) நிறுவின. விதிகள், வண்டிச் சோதனை, கடிகாரம் ஆகியவை முறைப்பட்டன. இதைச் செய்தவர்கள் அரசு அதிகாரிகள் அல்லர். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்களே.

போர் வந்தது. எரிபொருளுக்குப் பங்கீடு வந்தது. ஏரிப் பந்தயங்கள் நின்றன. மியூராக் முழுவதும் இராணுவ விமானத் தளமாயிற்று. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுவே. போர்க்காலத்தில் வீடா ஓர் என்னும் பெண்மணி ‘சி.டி. நியூஸ்’ என்னும் செய்தியிதழைத் தொடர்ந்து தயாரித்து, கடல் கடந்து பணியாற்றிய பந்தயக்காரர்களுக்கு அனுப்பிவந்தார். எஸ்.சி.டி.ஏ. பந்தயத்தில் வண்டி ஓட்டிய முதல் பெண்ணும் அவரே. போர் முடிந்து திரும்பியவர்கள் விமான எஞ்சின்களைக் கையாண்டு பழகிய விரல்களோடு திரும்பினர். 1946இல் பில் பர்க், போர் விமானங்களின் கூடுதல் எரிபொருள் தொட்டியை வாங்கி அதையே காரின் உடலாக்கினார். அதே ஆண்டு அலெக்ஸ் சைடியாஸ், இராணுவத்திலிருந்து விடுபட்ட கையோடு ‘சோ-கால் ஸ்பீட் ஷாப்’ என்னும் கடையைத் திறந்தார். ஆர்மீனிய வழியினரான எட் இஸ்கெண்டேரியன் கேம் ஷாஃப்ட் கடையும் தொழிலைத் தொடங்கினார். ஸ்டூவர்ட் ஹில்போர்னின் வண்டி, அவரே வடிவமைத்த எரிபொருள் உட்செலுத்தும் கருவியுடன் 1948இல் வறண்ட ஏரியில் மணிக்கு 150 மைல் வேகத்தைத் தொட்டது.

இந்தச் சூழலில்தான் ‘ஹாட் ராட்’ என்னும் சொல் செய்தித்தாள்களில் ஏறியது. அது ஏறிய பொருள் நல்லதன்று. நள்ளிரவில் நகரச் சாலைகளில் பந்தயம் விட்டு உயிரிழக்கும், உயிர்பறிக்கும் இளைஞன் என்பதே அச்சொல் எழுப்பிய சித்திரம். அந்த அச்சம் முற்றிலும் கற்பனையும் அன்று; சாலைப் பந்தயங்களில் மரணங்கள் நிகழ்ந்தன. 1950இல் ஹென்றி கிரிகர் ஃபெல்சன் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே இளைஞர்களை எச்சரிக்கும் நாவல் ஒன்றை எழுதினார். இவ்வண்டிகளைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல்கள் வலுத்தன. ஏரிப் பந்தயக்காரர்கள் பலர் அந்தப் பெயரையே வெறுத்தனர். தம் வண்டியை ‘ரோட்ஸ்டர்’ என்றே வழங்கினர்.

மூத்தவர்கள் அப்போது எடுத்த முடிவே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்று கருதுகிறேன். அவர்கள் அச்சொல்லைத் துறக்கவில்லை. 1948 ஜனவரியில் எஸ்.சி.டி.ஏ. லாஸ் ஏஞ்சலஸில் ‘ஹாட் ராட்’ கண்காட்சி ஒன்றை நடத்தியது. நன்கு கட்டப்பட்ட வண்டிகளைப் பொதுமக்கள் அருகில் நின்று பார்த்தனர். அதே மாதம் இருபத்தொரு வயதான ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கினார். விலை 25 சென்ட். கலிஃபோர்னியாவின் ஒரு மூலையில் வாய்வழியாகப் புழங்கிய நுட்பங்கள், படங்களோடும் அளவுகளோடும் அமெரிக்கா முழுதும் பரவின. அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பேற்ற வாலி பார்க்ஸ், 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை (என்.எச்.ஆர்.ஏ.) நிறுவியபோது, பழி சுமந்த அச்சொல்லைச் சங்கத்தின் பெயரிலேயே பொறித்தார்.

பெயரை மீட்டால் போதாது. சாலைக்கு மாற்றாக ஓர் இடமும் வேண்டும். 1950இல் சான்டா ஆனாவின் விமான ஓடுபாதையில் ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்கோட்டுப் பந்தயங்கள் தொடங்கின. 1953 ஏப்ரலில் என்.எச்.ஆர்.ஏ.வின் முதல் பந்தயம் போமோனா நகரக் கண்காட்சித் திடலில் நடைபெற்றது. அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர் அந்நகரக் காவல்துறையின் சார்ஜென்ட் பட் கூன்ஸ். இளைஞர்களைத் துரத்திப் பிடிப்பதைவிட அவர்களுக்குப் பாதுகாப்பான பாதை ஒன்றைத் தருவது மேல் என்பது அம்முயற்சியின் அடிப்படை. 1954இல் கூன்ஸ் உள்ளிட்ட நால்வர் ஒரு டாட்ஜ் வண்டியில், பின்னால் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு நாடு முழுதும் பயணம் செய்தனர். நேரங்காட்டும் கருவியை எப்படி அமைப்பது, பந்தயத்துக்கு முன் வண்டியை எப்படிச் சோதிப்பது, பார்வையாளரை எங்கே நிறுத்துவது என்பவற்றை ஊர் ஊராகச் சங்கங்களுக்குக் கற்பித்தனர். ‘டிராக் சஃபாரி’ எனப்பட்ட அப்பயணத்தில் ஒரு போலீஸ்காரர் இளைஞர்களுக்குப் பந்தயம் நடத்தச் சொல்லிக்கொடுத்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக, ஒரு தலைமுறையை இக்கைத்தொழிலுக்குள் ஈர்த்தவை மூன்று: வாங்கத்தக்க விலையில் ஒரு பழைய வண்டி, தவறினாலும் உயிர் போகாத ஓர் இடம், கேட்டால் சொல்லித்தரும் ஒரு மூத்தவர். ‘இளைஞர்களே, வாருங்கள்’ என்ற அழைப்பு தனியாகத் தேவைப்படவில்லை.

இன்றைய நிலை வேறு. ஹாட் ராட் கண்காட்சிகளின் பார்வையாளர்களில் நரைத்த தலைகளே மிகுதி என்ற கவலை அமெரிக்க வட்டாரங்களில் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ‘இக்காலப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் காரணம் விலை. காயலான் கடையில் கிடந்த 1932 ஃபோர்டு இன்று சேகரிப்பாளரின் செல்வம். பெரும் விருதுகளைப் பெறும் வண்டிகள், தொழில்முறைப் பட்டறைகளில் இலட்சக்கணக்கான டாலர் செலவில் உருவாகின்றன. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவன் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம், தொட முடியாது.

இரண்டாம் காரணம் இன்னும் ஆழமானது. 1990களில் அதே தெற்குக் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள், அவர்களுள் ஆசிய வழி அமெரிக்கர் பலர், பழைய ஹோண்டா சிவிக் கார்களை மலிவாக வாங்கிப் பிரித்தனர், எடையைக் குறைத்தனர், எஞ்சினை மாற்றினர், பந்தயம் விட்டனர். மாடல் டியைக் கொண்டு அவர்களின் தாத்தாக்கள் காலத்து இளைஞர்கள் செய்ததும் இதுவே. ஆனால் மூத்தவர்கள் பலருக்கு இவர்கள் வாரிசுகளாகத் தோன்றவில்லை. ‘ரைஸ் பர்னர்’, அதாவது ‘சோறு எரிக்கும் வண்டி’ என்று அவ்வண்டிகளை இகழ்ந்தனர். இனக் கேலி கலந்த சொல் அது. 1952இல் பாரிஸ் சகோதரர்கள் உருமாற்றிய 1951 மெர்க்குரி, அமெரிக்கக் கஸ்டம் கார்களுள் மிகப் புகழ்பெற்றவற்றில் ஒன்று. அதன் உரிமையாளர் பாப் ஹிரொஹாட்டா ஜப்பானிய வழி அமெரிக்கர். இவ்வளவு அருகில் இருந்த சான்றும் நினைவுக்கு வரவில்லை. தம்மீது எறியப்பட்ட பழிச்சொல்லை மீட்டெடுத்த ஒரு சமூகம், ஒரு தலைமுறைக்குள் புதிய பழிச்சொல் ஒன்றை அடுத்தவர்மீது எறிந்தது. உயர்பொருட்பேறு பெற்ற சொல்லுக்குக் காவலாளிகள் தோன்றிவிடுகிறார்கள்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ‘ஹாட் ராடர்ஸ் ஆஃப் டுமாரோ’ என்னும் போட்டியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுக்கள் ஒரு செவ்ரொலே வி8 எஞ்சினைக் கைக்கருவிகளால் மட்டுமே முழுதாகப் பிரித்து, மீண்டும் பூட்டுகின்றன, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேன்சஸ் மாநிலத்தின் மெக்ஃபர்சன் கல்லூரி, பழைய கார்களைப் புதுப்பிக்கும் கலையில் நான்காண்டு இளநிலைப் பட்டம் வழங்குகிறது. இரண்டிலும் கை வேலை செய்கிறது என்பதே சிறப்பு.

கருவிகளும் மாறிவிட்டன. இன்றைய காரின் எரிபொருள் அளவைத் தீர்மானிப்பது கார்புரேட்டர் அன்று, மென்பொருள். தன் வண்டியின் மென்பொருளை உரிமையாளர் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் பதிப்புரிமைச் சட்டம் தடையாகாது என்னும் விலக்கை அமெரிக்கா 2015இல் வழங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வேறாக உள்ளன, அவை தேவையானவையும்கூட. எனினும், பூட்டைத் திறந்து பார்க்கும் உரிமை இல்லாத இடத்தில் இக்கைத்தொழில் அடுத்த தலைமுறையைக் காணாது. மடிக்கணினியோடு காரின் அருகில் அமர்ந்திருக்கும் பதினேழு வயதுப் பெண், ஃபிளாட்ஹெட்டின் மூடியைத் தூக்கிய இளைஞனின் நேர் வாரிசு. அவளை அவ்வாறு அறிந்துகொள்ளும் மூத்தவர் இருக்க வேண்டும், அவ்வளவே.

மொழிக்காரர்களான நமக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. நம் துறைகளிலும் தொழில்களிலும் புதிதாக வருவோர் செய்வதை ‘இது அது அன்று’ என்று விலக்க நாம் பயன்படுத்தும் சொற்கள் எவை? நீங்கள் அறிந்த சான்றுகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன்.