பல்லாஸ்ட் பெட்டியின் ஐந்து வரிகள்

அமெரிக்க வீடுகளின் நிலவறையில் விளக்கொளியில் தக்காளியும் கீரையும் வளர்ப்பவர்கள் சோடியம் விளக்கு வாங்கினால் கூடவே ஒரு பல்லாஸ்ட் பெட்டி வரும். நம்மூர் டியூப்லைட்டுக்குச் சோக் செய்யும் வேலைதான் அதற்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் வாசகம் பெரும்பாலும் கீழ்க்கண்டவாறு அமையும்.

1. “1000 வாட்”

இது விளக்கின் கணக்கு. பெட்டியும் தன் பங்குக்குச் சுமார் 100 வாட்டைச் சூடாக்கிக் கழிக்கும். ஆகவே ஒயரிங் கணக்கை இந்த வரியில் தொடங்கக் கூடாது. மூன்றாம் வரியில் தொடங்க வேண்டும்.

2. “120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்”

இரண்டில் எந்த அழுத்தத்திலும் இயங்கும் என்பது பொருள். நமது 230 வோல்ட்டில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். அமெரிக்க 240 அப்படியல்ல. இரண்டு ஒயருமே ஃபேஸ். தரைக்கு ஒவ்வொன்றும் 120, இரண்டுக்கும் இடையில் 240. ஒன்றை மட்டும் துண்டித்தால் விளக்கு அணையும், ஆனால் பெட்டிக்குள் 120 வோல்ட் அப்படியே நிற்கும். அதனால்தான் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் பிரேக்கர் கட்டாயம். கேபிளின் வெள்ளை ஒயரை ஃபேஸாகப் பயன்படுத்தினால் இரு முனையிலும் கறுப்பு அல்லது சிவப்பு டேப் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் திறப்பவர் நியூட்ரல் என்று நம்பிக் கைவைப்பார்.

3. “9.2/4.6 ஆம்பியர்”

120-ஐ 9.2-ஆல் பெருக்கினாலும் 240-ஐ 4.6-ஆல் பெருக்கினாலும் 1104 வாட்தான். எனவே 240-க்கு மாறினால் கரண்ட் பில் பாதியாகும் என்பது வீண் நம்பிக்கை. குறைவது ஒயரின் சூடு: மின்னோட்டம் பாதியானால் அதே ஒயரில் சூடு கால்பங்காகும்.

3 மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும் சுமைக்கு, அமெரிக்க மின்விதிப்படி, பிரேக்கர் அளவில் 80 விழுக்காடுதான் கணக்கு. 120 வோல்ட்டில் 20 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 16 ஆம்பியர். ஒரு விளக்கோடு சரி. 240 வோல்ட்டில் 10 கேஜ் செம்பு ஒயரும் 30 ஆம்பியர் பிரேக்கரும் என்றால் 24. ஐந்து விளக்குக்கு 23 ஆகும். ஆறாவதைச் சேர்த்தால் 27.6. பிரேக்கர் விழாமலே இருக்கக்கூடும், ஆபத்தும் அதில்தான். இணைப்புமுனைகள் தினமும் மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்கும்.

4. “எர்த் இணைப்பு கட்டாயம்”

தரையில் ஒரு கம்பியை அடித்துவிட்டால் போதாது. அக்கம்பியின் மின்தடை 25 ஓம் என்று வைத்தால், 120 வோல்ட் கசிவில் 4.8 ஆம்பியர்தான் ஓடும். 30 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. பெட்டியிலிருந்தும் உலோகப் பிரதிபலிப்பானிலிருந்தும் எர்த் ஒயர் மெயின் பேனலுக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பிரேக்கர் விழும்.

5. “உலர்ந்த இடத்தில் மட்டும்”

செடி வளர்ப்பறையில் நீரில்லாத நேரம் ஏது? பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் உயர்த்திப் பொருத்த வேண்டும். பிரேக்கர் காப்பது ஒயரை. ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் சிறு பங்கே போதும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கசிவுக்காப்பு தனியாக வேண்டும்.

எத்தனை பெட்டி, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஈரம் என்ற மூன்றும் இந்த வாசகத்தில் இல்லை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் அவற்றை முதலிலேயே சொல்ல வேண்டியவர் செடி வளர்ப்பவர்தான்.