எத்தனை கோர்?

பழைய மென்பொருள் ஒன்றின் பில்டு ஸ்கிரிப்ட் கைக்கு வந்தால், கணினியில் எத்தனை பிராசஸர் என்று பார்க்கும் வரியைத்தான் முதலில் தேடுவேன். ஸ்கிரிப்ட் எந்தக் காலத்தது, எழுதியவர் எந்த இயந்திரத்தில் வேலை பார்த்தார் என்பதை அந்த வரியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பில்டை நடத்தும் 'மேக்' நிரலை எழுதியபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு கோப்பு முடிந்தால் அடுத்தது. பின்னாளில் குனு மேக்கில் 'மைனஸ் ஜே' வந்தது. எத்தனை வேலைகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டுவது என்ற எண்ணை மனிதர்தான் தட்டிக் கொடுக்க வேண்டும். 2005இல் இரட்டை கோர் சிப்புகள் மேசைக் கணினிக்கு வந்த பிறகு, அந்த எண்ணை ஸ்கிரிப்டே கண்டுபிடித்தால் நல்லது என்று ஆனது.

லினக்ஸில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து, 'பிராசஸர்' என்று தொடங்கும் வரிகளை கிரெப் கொண்டு எண்ணினார்கள். இன்டெல் கணினியில் சரியாக வரும். ஸ்பார்க் கணினியில் அப்படி ஒரு வரியே கிடையாது, விடை சுழியம். மைனஸ் ஜேவுக்குச் சுழியத்தைக் கொடுத்தால் மேக் பிழை காட்டி நின்றுவிடும். பழைய ஆர்ம் கெர்னல்களில் சிப்பின் பெயர் வரும் வரியும் அதே சொல்லில்தான் தொடங்கும், முதலெழுத்து மட்டும் பெரியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் எண்ணினால் நான்கு கோர் கணினிக்கு ஐந்து என்று வரும். ஆப்பிளின் மேக் கணினியில் அந்தக் கோப்பே இல்லை. சிஸ்கண்ட்ரோல் கட்டளையிடம் கேட்க வேண்டும்.

2009 நவம்பரில் குனு கோர்யூட்டில்ஸ் 8.1 'என்ப்ராக்' கட்டளையைக் கொண்டுவந்தது. அதன் அருமை சுருக்கத்தில் இல்லை. எட்டு கோர் கணினியில் டாஸ்க்செட் கட்டளை மூலம் பில்டுக்கு இரண்டை மட்டும் ஒதுக்கினால் கிரெப் எட்டு என்னும், என்ப்ராக் இரண்டு என்னும். இயந்திரத்தில் இருப்பது வேறு, நமக்குக் கொடுக்கப்பட்டது வேறு என்பதை இயல்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்ட கருவி அது.

கண்டெய்னர்கள் பரவியதும் அதுவும் போதவில்லை. அங்கே கோர்களைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாக நேரத்துக்கு வரம்பு வைப்பார்கள். 64 கோர் சர்வரில் இரண்டு கோர் அளவு நேரமே பெற்ற பில்டு, 64 கம்பைலர்களைக் கிளப்பிவிட்டு நினைவகம் தீர்ந்து சாகும். ஜாவா இந்த வரம்பைப் பார்க்கத் தொடங்கியது 2018இல், பத்தாம் பதிப்பில்தான்.

பில்டு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கட்டளையால் எண்ணினாலும், அந்த எண்ணை வெளியிலிருந்து மாற்ற ஒரு வேரியபிளை விட்டுவையுங்கள். டெபியன் தன் பொதிகளுக்கு அப்படி ஒரு வழியை வைத்திருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் நாளை எந்த இயந்திரத்தில் ஓடும் என்பது அதை ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.