பதுங்குகுழியில் வீரம்: மீர் தஸ்தின் பதக்கமும் கோரிக்கையும்

முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் 1915 ஏப்ரல் 26 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் நடத்திய எதிர்த்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. மறைவிடமில்லாத வெளியில் ஜெர்மானியக் குழிகளை நோக்கி முன்னேறியவர்கள் மீது குளோரின் புகை கவிந்தது. நான்கு நாள் முன்புதான் அந்த வாயு மேற்குப் போர்முனையில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஏவப்பட்டிருந்தது. முறையான முகமூடி யாரிடமும் இல்லை. 57ஆம் வைல்ட்ஸ் ரைஃபிள்ஸோடு சண்டையிட்ட ஜமேதார் மீர் தஸ்தைச் சுற்றி ஆங்கிலேய அதிகாரிகள் எல்லோரும் செத்தோ காயம்பட்டோ விழுந்துவிட்டார்கள். அவர் எஞ்சியவர்களையும், புகையில் சுருண்டு அரைகுறையாகத் தெளிந்தவர்களையும் திரட்டி, பின்வாங்கும் உத்தரவு வரும்வரை இடத்தை விடாமல் நின்றார். பிறகு சரமாரியான துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே எட்டு அதிகாரிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவினார். அதில் தானும் காயம்பட்டார். இந்தியச் சிப்பாய்களுக்கு 1911இல்தான் திறந்துவிடப்பட்ட விக்டோரியா கிராஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ரெஜிமென்ட் வரலாறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். ஆனால் பதுங்குகுழிப் போரின் வீரத்தை அளக்க இந்த ஒரு நாள் போதாது.

அந்தப் போர் சிப்பாயிடம் கேட்டது பாய்ச்சலை அல்ல, இருப்பை. பிரெஞ்சு மண்ணில் நெவ் ஷப்பெல் பக்கம் நிலம் தாழ்வானது. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். 1914 குளிர்காலத்தில் இந்தியப் படையினர் முழங்கால் ஆழச் சேற்றில் நின்று கால்களை நாசமாக்கிக்கொண்டார்கள். பொழுது விடியுமுன் துப்பாக்கியோடு குழிக்குள் இருந்த சுடுமேடையில் ஏறி எதிரி வருகிறானா என்று காத்திருக்க வேண்டும். வராத நாளில் பீரங்கி வரும். சுடுகிறவன் பல மைல் தள்ளி இருப்பான். திருப்பி அடிக்க வழியில்லை. அதனால்தான் பட்டாளங்களைச் சில நாளுக்கொருமுறை முன்வரிசையிலிருந்து பின்னுக்கு மாற்றினார்கள். தைரியம் தீர்ந்துபோகும் பண்டம் என்பதை வாயால் சொல்லாமல் ராணுவமே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

ராயல் ஃப்யூசிலியர்ஸ் பட்டாளத்தில் மருத்துவராக இருந்த சார்லஸ் வில்சன், பின்னாளில் லார்ட் மோரன், இதை வெளிப்படையாகவே எழுதினார். 1945இல் வந்த ‘தி அனாட்டமி ஆஃப் கரேஜ்’ நூலில் தைரியத்தை வங்கி இருப்பாகப் பார்த்தார்: எடுக்க எடுக்கக் குறையும், தீர்ந்தால் மனிதன் உடைவான். கருத்து சரி. ஆனால் தொடக்க முதலை அவர் குணத்தோடும் வளர்ப்போடும் முடிச்சுப்போட்டது நெருடுகிறது. உடைந்தவன் ஆரம்பத்திலேயே குறைப்பட்டவன் என்று சொல்ல அது வசதியாகிவிடுகிறது.

மீர் தஸ்தை யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1915 ஆகஸ்டில், பிரைட்டனில் இந்தியக் காயக்காரர்களுக்கான மருத்துவமனையாகியிருந்த ராயல் பெவிலியனில், ஐந்தாம் ஜார்ஜ் அரசரே அவருக்குப் பதக்கம் அணிவித்தார். அப்போது அவர் அரசரிடம் வைத்த கோரிக்கை ஒன்றுதான்: ஒருமுறை காயம்பட்டவனை மறுபடி களத்துக்கு அனுப்ப வேண்டாம். பதக்கம் நல்லதுதான், ஆனால் இந்த வாயு தன்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை என்று கடிதத்திலும் எழுதினார். தணிக்கை அலுவலகம் பிரதியெடுத்து வைத்த சிப்பாய்க் கடிதங்களில் இதே முறையீடு திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றிலிருந்து டேவிட் ஒமிசி 1999இல் தொகுத்த நூலைப் புரட்டினாலே தெரியும். ஊரிலிருந்து புது ஆள் வந்துசேர மாதங்கள் ஆனதால், தேறியவர்களையே திருப்பி அனுப்பினார்கள்.

மேலதிகாரிகளின் கண் வேறிடத்தில் இருந்தது. கைக்காயங்கள் அதிகமாக வந்ததும், தாங்களே சுட்டுக்கொள்கிறார்களோ என்று சந்தேகம் கிளம்பியது. பிரைட்டனில் கிச்சனர் மருத்துவமனையை நடத்திய கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை ஆராய்ந்து, அதற்கு ஆதாரமில்லை என்றார். குழிக்குள் நின்று சுடுகிறவனின் உடம்பில் வெளியே தெரிவது தலையும் கையும்தானே!

இன்னொரு முடிச்சும் உண்டு. மீர் தஸ்தின் சகோதரர் மீர் மஸ்த் 58ஆம் வாகன்ஸ் ரைஃபிள்ஸில் ஜமேதார். 1915 மார்ச் தொடக்கத்தில் ஒரு சிறு பட்டாணியர் குழுவோடு ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. அவர்களோ பிரிட்டிஷ் எல்லைக்கு அப்பாலிருந்த திரா மலைப்பகுதியின் அஃப்ரீதிகள். முஸ்லிம்களின் கலீஃபாவான துருக்கி சுல்தான் எதிரணியில் இருந்தார். பிரிட்டனுக்காகச் சாகும் கடமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமல் இதை மதிப்பிட முடியாது. வீரம் என்ற பட்டம் யாருக்காக நிற்கிறோம் என்பதையும் பொறுத்தது. இதைப் பதக்கச் சான்றுகள் சொல்வதில்லை.

ஒரு நாளை மட்டும் வைத்து வீரத்தை அளக்கும் அந்த அளவுகோல் மறுமுனையில் உயிரையும் எடுத்தது. வெஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டின் ஹாரி ஃபார் குண்டதிர்ச்சியால் 1915இல் ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். 1916 செப்டம்பரில் முன்வரிசைக்குப் போக மறுத்தார். தன்னால் தாங்க முடியவில்லை என்றார். ராணுவ நீதிமன்றம் பார்த்தது அந்த மறுப்பை மட்டும்தான். அக்டோபரில் கோழைத்தனக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரையும் சேர்த்து, இத்தகைய குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கியது. ஆனால் தீர்ப்பையோ தண்டனையையோ அது ரத்து செய்யாது என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள்.