கறியா, கரியா?

போன வாரம் ஒரு உணவகத்தில் அட்டையைப் புரட்டினால் ‘சிக்கன் கரி’ என்று அச்சடித்திருந்தார்கள். கரி என்றால் அடுப்புக்கரி. பழைய தமிழில் யானை. இரண்டையும் தோசைக்குத் தொட்டுக்கொள்ள முடியாது. நம் வீட்டுக் ‘கறி’தான் போர்த்துக்கீசியரின் நாவில் ‘கரில்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கர்ரி’யாகி, வல்லின றகரத்தைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறது. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கிய மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை அந்தப் பெயரால்தான் சொல்கிறது. மிளகாய் கடல்தாண்டி வருமுன் நமக்கிருந்த காரம் அதுதானே! பிறகு மிளகிட்டுச் சமைத்ததும் கறியாயிற்று. 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் அச்சேற்றிய ‘இந்திய முறை’ கறிக் குறிப்பில் மிளகாயே இல்லை. வறுத்த கொத்தமல்லி விதையும் முப்பது மிளகும்தான். தெரியாமலே பழம்பொருளைக் காப்பாற்றிய அம்மாள்! இன்று மதுரையில் ‘கறி எடுத்தாச்சா?’ என்றால் ஆட்டிறைச்சி. அக்கிரகாரத்தில் வாழைக்காய்க் கறி. யாழ்ப்பாண நண்பர் வீட்டில் ‘மூன்று கறி’ என்றதும் ஆசையாய் உட்கார்ந்தேன்; வந்தவை கத்தரிக்காய், பருப்பு, பூசணி. அங்கே காய்கறிக்கே மரக்கறி என்றுதான் பெயர். உணவகக்காரருக்கு என் யோசனை: நீர்க்க இருந்தால் குழம்பு, சுண்டியிருந்தால் வறுவல். ‘கறி’தான் வேண்டுமென்றால் றகரத்தையாவது போடுங்கள்.