குறுமுக நாய்களின் மூச்சுவழி அடைப்பு

குறுமுக நாய்களின் மூச்சுவழி அடைப்பு என்பது, மூக்குப் பகுதி குட்டையாகவும் முகம் தட்டையாகவும் அமைந்த நாயினங்களில் காணப்படும் மூச்சுக் கோளாறுகளின் தொகுப்பாகும். பக், பிரெஞ்சு புல்டாக், ஆங்கில புல்டாக் ஆகியன இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. பீக்கிங்கீசு, பாசுடன் டெரியர் முதலிய இனங்களிலும் இது உண்டு.

காரணம்

தட்டை முகத்திற்காகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால் இந்நாய்களின் மண்டையோட்டு முன்னெலும்புகள் குறுகிவிட்டன. ஆனால் அவற்றுள் அடங்க வேண்டிய மென்திசுக்கள் அதே அளவில் குறையவில்லை. இதனால் மூக்குத் துளைகள் ஒடுங்கியும், மென் அண்ணம் நீண்டு தடித்துத் தொண்டையை மறைத்தும் காணப்படுகின்றன. சில நாய்களில் மூச்சுக்குழாயே பிறவியில் குறுகலானது. ஒவ்வொரு மூச்சையும் வலிந்து இழுப்பதால் நாளடைவில் குரல்வளைக் குருத்தெலும்பு வலுவிழந்து உட்குழியக்கூடும். அந்நிலையில் சிகிச்சை கடினம்.

அறிகுறிகள்

குறட்டை, மூச்சிரைப்பு, உணவை எதுக்களித்தல், சிறிது நடந்தாலே களைத்தல் ஆகியவை முதன்மையானவை. தலையை உயர்த்தி வைத்தோ உட்கார்ந்தபடியோ உறங்குவதும் ஓர் அறிகுறியே. உரிமையாளர் பலர் இவற்றை அவ்வினத்தின் இயல்பு என்றும், சிலர் வேடிக்கை என்றும் கருதுவதால் நோய் அறியப்படக் காலம் தாழ்கிறது.

நாய்கள் பெரும்பாலும் இரைப்பதன் மூலமே உடற்சூட்டைத் தணிக்கின்றன. மூச்சுவழி அடைபட்ட நாய்க்கு இது இயலாது. ஆகவே வெப்பத்தாக்கு இவற்றுக்கு உயிர்க்கொல்லி. இந்தியாவில் 2003 இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்திற்குப் பின் பக் நாய்கள் பரவலாக வளர்க்கப்பட்டன. கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் ஊர்களில் இவற்றை நண்பகலில் நடத்திச் செல்லலாகாது. நாய் தள்ளாடினாலோ நாக்கு நீலம் பாரித்தாலோ முதலில் உடலை நீரால் நனைத்துக் காற்றுப் படச் செய்து, பின்னரே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பரிசோதனை

ஓய்வில் இருக்கும் நாயை மட்டும் சோதித்தால் நோய் தெரியாமல் போகலாம். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் உருவாக்கி, 2019 இல் பிரித்தானிய கென்னல் கிளப்புடன் இணைந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த முறையில், கால்நடை மருத்துவர் தொண்டையில் ஸ்டெதஸ்கோப்பு வைத்துக் கேட்டபின் நாயை 3 நிமிடம் மென்னோட்டத்தில் ஓடவிட்டு மீண்டும் கேட்கிறார். 0 முதல் 3 வரை தரம் வழங்கப்படுகிறது. தரம் 3 பெற்ற நாயை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. நோய் வயதோடு முற்றுவதால் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை மீளச் செய்யப்படும்.

புடைத்த கண்களில் விழிவெண்படலப் புண், முகமடிப்புகளில் தோல் அழற்சி, முதுகெலும்புக் குறைபாடு ஆகியவற்றையும் உடன் நோக்குவது வழக்கம்.

சிகிச்சை

உடல் எடையைக் குறைப்பதே முதற்படி. அறுவை மூலம் மூக்குத் துளைகளை அகலப்படுத்தி, மென் அண்ணத்தைக் குறுக்கலாம். இது மூச்சை எளிதாக்குமே தவிர முழுக் குணம் தராது. மயக்க மருந்து கொடுக்கும்போதும், அது தெளிந்து மூச்சுக் குழலை அகற்றும் வேளையிலும் தனிக் கண்காணிப்பு தேவை.

சட்டம்

நெதர்லாந்து அரசு 2019 இல் வகுத்த அளவுகோல்களின்படி, மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்யலாகாது.